வெள்ளவத்தையில் வாங்கிய இரண்டு கிளீனர் இறால்கள்

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு சின்ன வளர்ப்பு மீன்கடை. மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் இந்தக் கடல் இறால் இரண்டும் நல்ல துடிப்பு, மீசைகூட முறியவில்லை. "பையை அரை மணித்தியாலம் மிதக்கவிட்டு அப்படியே ஊத்துங்கோ அண்ணா" என்றார் கடைத் தம்பி. சரி என்று கேட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும். வீட்டில் அளந்தால், உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தி பைத் தண்ணீரில் 1.020, என் கடல்நீர்த் தொட்டியில் 1.025! மீன் ஓரளவு தாங்கும், இறால் தாங்காது. காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைப் பைத் தண்ணீருக்குள் செக்கனுக்கு இரண்டு சொட்டாக இரண்டு மணித்தியாலம் விட்டேன். அப்புறம் இறாலை மட்டும் தொட்டிக்கு மாற்றி, பைத் தண்ணீரை வெளியே கொட்டினேன். அதில் மீன் நோய்க்குப் போடும் செம்பு மருந்து இருந்தால் இறாலுக்கு நஞ்சு. மூன்றாம் நாள் இறால் கழற்றிப்போட்ட வெறும் மேலோட்டைப் பார்த்து, செத்துவிட்டதென்று மனைவி அழாக்குறை. இறாலுக்காகத் திரும்பப் போவேன், ஆலோசனைக்கு இல்லை.