மண்ணுல புழு முட்டை டெஸ்ட்: குடுக்கற காசுக்குத் தகுமா?

வேலைக்கு நாலு ஸ்டாரு குடுக்கலாம், ரிப்போர்ட்டுக்கு ஒண்ணுக்கு மேல குடுக்க மனசு வர்லீங்க. கோவையில ஒரு தனியார் லேப்பு, பேரு வேண்டாம்.

எங்க நங்கையா கோபி பக்கம் ப்ளே ஸ்கூல் நடத்தறாங்க, அங்க புள்ளைக வெளையாடற மணல்மேட்டுல தெருநாய்க படுத்து அசிங்கம் பண்ணி வெக்கறது ஓயாத ரோதனை, இதுல ஒரு அம்மா வந்து எம்பையனுக்கு வயித்துல பூச்சி, உங்க மணல்ல இருந்துதான் வந்திருக்கோணும்னு சொல்லிட்டாங்க. சரி பாத்தரலாம்னு குடுத்தோம். நம்மூர்ல மண்ணு டெஸ்ட்னாலே தழைச்சத்து மணிச்சத்துதான், புழு முட்டை பாக்கற எடத்தத் தேடிப் புடிக்கறதே பெரும்பாடு.

சாம்பிள் எடுக்கறதுக்கு நல்லாவே சொல்லிக் குடுத்தாங்க. மேல்மண்ணு மட்டும், நெழலா ஈரமா இருக்கற எடமாப் பாத்து நாலஞ்சு பக்கம் கிள்ளி ஒண்ணாக் கலக்கோணும், வெயில்ல காய விடக்கூடாது. லேப்புல இருந்த அம்முணி பொறுமையா வெளக்குச்சு. முட்டை மண்ணுல பசையா ஒட்டீட்டு இருக்குமாம், அதனால சோப்பு மாதிரி ஒரு தண்ணியில அலசி, சலிச்சு, மெஷின்ல சுத்த விட்டு, அப்பறம் துத்தநாக சல்பேட் கரைசல் ஊத்துனா மண்ணு அடியில தங்கி முட்டை மேல மெதந்து வந்துரும், அதைக் கண்ணாடியில எடுத்து மைக்ரோஸ்கோப்புல எண்ணுவாங்க. களிமண்ணுன்னா பாதி முட்டை வராமயே போயிருமுங்ணா, அதனால ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட் வந்தாலும் சுத்தம்னு அர்த்தமில்லைன்னு அதே சொல்லுச்சு. இந்த நேர்மைக்குத்தான் அந்த நாலு ஸ்டாரு.

ஒரு வாரம்னு சொல்லி அதுக்கும் மேல இழுத்து ரிப்போர்ட் வந்துச்சு. மணல்மேடு: "உருளைப்புழு முட்டை உள்ளது". அவ்ளோதான். எந்த உருளைப்புழு? மனுசனுதா, நாயிதா? இதை எழுதாம எப்புடி? அந்த அம்மா கையில இது கெடைச்சிருந்தா ஸ்கூலையே மூட வெச்சிருப்பாங்க. போன் போட்டுக் கேட்டா, ஓ அது நாயோட உருளைப்புழுங்க, ஓட்டுல குழிகுழியா இருக்கும்ல, பாத்ததுமே தெரியும்னு சாவகாசமாச் சொல்றாங்க. நாய்ப்புழு மனுசக் கொடல்ல வளந்து பெருசாகாது, அதனால அந்தப் பையன் வயித்துப் பூச்சிக்கும் இந்த முட்டைக்கும் சம்பந்தமே இல்ல. அதுக்குன்னு நிம்மதியா உக்கார முடியாது, மண்ணு தின்ற புள்ளைக வயித்துக்குள்ள போனா குஞ்சு பொரிச்சு ஈரலு, நுரையீரலு, சில பேருக்குக் கண்ணு வரைக்கும் போயி பார்வையவே கெடுத்துரும்.

இன்னொண்ணு, "கொக்கிப்புழு முட்டை இல்லை"ன்னும் போட்டிருந்தாங்க. அது முட்டை ஈர மண்ணுல ஒண்ணு ரெண்டு நாள்லயே பொரிச்சுரும், அப்பறம் முட்டையத் தேடி என்ன பிரயோசனம்? குஞ்சுதான் வெறுங்கால்ல தோல் வழியா ஏறி, கொடல்ல ஒட்டி ரத்தத்தக் குடிச்சு சோகை புடிக்க வெக்கறது. குஞ்சப் பாக்க வேற முறை இருக்கு, வெதுவெதுப்பான தண்ணியில மண்ணத் துணியோட தொங்க விட்டா அது தானா எறங்கி வரும். அது இந்த லேப்புல கெடையாது, நாமளாக் கேட்டாத்தான் அதையும் சொல்றாங்க. முட்டைக்கு உசுரு இருக்கான்னு பாக்க வாரக்கணக்குல வெச்சு வளக்கோணும், அதுக்குத் தனிக்காசு.

மணல மாத்திட்டோம், பொழுதோட தார்ப்பாய் போட்டு மூடிடறாங்க. பக்கத்து ஊட்டு அண்ணன் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னாரு, இந்த முட்டை ஓட்டுக்கு அதெல்லாம் சும்மா, சூடும் நல்லாக் காயற வெயிலும்தான் கொல்லும். அப்பறம் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாளுக்கு அங்கன்வாடியில குடுக்கற அல்பெண்டசோல் மாத்திரையை விட்டுராதீங்க, ஆனா அது வயித்துல இருக்கற புழுவத்தான் கொல்லும், மண்ணு அசிங்கமாவே இருந்தா மறுக்கா ஏறும்.

இந்த மாதிரி டெஸ்ட் குடுக்கறவங்க காசு கட்டறதுக்கு முன்னாடியே, எந்தப் புழுன்னு எழுதித் தருவீங்களா, கொக்கிப்புழு குஞ்சுக்குப் பாப்பீங்களான்னு கேட்டு வாங்கிக்கோங்க. சனிக்கெழமை கொண்டு போவாதீங்க, சாம்பிள் திங்கக்கெழமை வரைக்கும் சும்மாதான் கெடக்கும்.