நாற்பது டொலர் ஒழுக்குக்கு நாலாயிரம் டொலர் தகடு

ரொறன்ரோப் பக்கம் பழைய ஸ்பீட் போட் வைத்திருக்கும் ஆக்கள், அல்லது இந்த வசந்தத்தில் ஒன்று வாங்கலாமென்று விளம்பரம் பார்த்துக்கொண்டிருக்கும் ஆக்கள், இதை ஒருக்கா வாசியுங்கள். போட்டின் பின்னுக்கு இருக்கும் தகடுகளைக் காட்டி "உன்ர ட்ரிம் டேப் காணாது, பெரிசாப் போடு" என்று யாராவது சொன்னால் கிரெடிட் கார்டை எடுக்க முதல் வாசியுங்கள். எனக்கு 4,260 டொலர் கட்டின பிறகுதான் விஷயம் விளங்கியது.

கடையின் பெயரைக் கேட்காதீர்கள். காசில் கொஞ்சம் திரும்பி வந்தபோது நான் கையெழுத்து வைத்த தாளில் அதுவும் ஒரு வரி.

என்னுடையது 24 அடிப் போட், 90களின் கடைசியில் செய்தது. மேர்க்குரூசர் 454 மேக்னம் எம்பிஐ இஞ்சின், 385 குதிரைவலு, பிராவோ ஒன் டிரைவ் (பின்னுக்கு நீட்டி நின்று விசிறியைச் சுற்றும் பகுதி), ஆழமான வி வடிவ அடிப்பாகம். பிரெஞ்ச்மன்ஸ் பேயிலிருந்து வெளிக்கிட்டு, ஏரி கண்ணாடி மாதிரிக் கிடக்கிற காலை என்றால் ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 63 மைல் காட்டும். ஆனால் ஒன்ராறியோ ஏரி அப்படிக் கிடக்கிற நாள் குறைவு. கிழக்குக் காற்று பிடித்தால் கிட்டக்கிட்டக் குத்தலான அலை எழும்பும். அந்த நேரம்தான் ட்ரிம் டேப்பின் அருமை தெரியும்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்கிறேன். போட்டின் பின்பலகையில், டிரைவுக்கு இரண்டு பக்கமும் கீல் வைத்துப் பூட்டிய இரண்டு தகடுகள்தான் ட்ரிம் டேப். சுவிட்சை அமத்தினால் உள்ளே இருக்கும் பம்ப் குழாயால் எண்ணையை அனுப்ப, ஹைட்ராலிக் ரம் என்ற நீளும் தண்டு ஒன்று தகட்டைக் கீழே தள்ளும். தகட்டில் மோதும் தண்ணீர் பின்பக்கத்தைத் தூக்க, அணியம், அதாவது முன்பக்கம், பதியும். இடத் தகட்டை மட்டும் இறக்கினால் இடப்பக்கம் எழும்பி போட் வலப்பக்கம் சாயும். ஊரில் பைபர் வள்ளத்தில் அணியம் தூக்கினால் "முன்னுக்குப் போய் இரடா" என்று ஒரு பெடியனை அனுப்புவார்களே, அந்தப் பெடியனின் வேலைதான் இந்தத் தகட்டுக்கும்.

போன வருடம் ஜூனில் போட் இடப்பக்கம் சாயத் தொடங்கியது. 35 மைலில் அணியம் தவளை மாதிரித் துள்ளியது. இரண்டு தகட்டையும் இறக்கினால் ஒரு நிமிடம் நன்றாக ஓடும், பிறகு மெல்ல மெல்ல இடப்பக்கம் விழும். திரும்ப அமத்த வேண்டும். இடத் தகடு தானாக மேலே ஏறுகிறது என்பது எனக்கே தெரிந்தது. ஏன் ஏறுகிறது என்று பார்க்க ஒருநாளும் இஞ்சின் மூடியைத் தூக்கவில்லை. அந்த மடைத்தனம் முழுக்க என்னுடையது.

ஆசையும் சேர்ந்துகொண்டது. பக்கத்து டொக்கில் நிற்கும் பெரிய போட்டில் மேர்க்குரி ரேசிங்கின் கே-பிளேன் பூட்டியிருக்கிறது. தடித்த தகடு, கைமொத்தத்தில் ரம். அதைப் பார்த்துப் பார்த்து என் பழைய தகடுகள் தேங்காய் திருவலை மாதிரித் தெரியத் தொடங்கின.

கடைக்காரர் போட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஏரியில் ஓடிப் பார்க்கவில்லை. பம்ப் எங்கே என்று கேட்கவில்லை. "இது குடும்பத்தோட சும்மா சுத்துற போட்டுக்குப் போடுற டேப். உன்ர வேகத்துக்கு இது வளையும்" என்றார். அதில் பாதி உண்மை இருந்ததுதான் பிழையாய்ப் போனது. வேகம் இரண்டு மடங்கானால் தகட்டில் விழும் விசை நாலு மடங்கு. 30 மைலில் தாங்குவது 60இல் தாங்கும் என்று சொல்ல முடியாது. இதை நானும் வாசித்திருந்தேன். அதனால் மனுசன் விஷயம் தெரிந்தவர் என்று நம்பிவிட்டேன்.

தகடு, ரம், புதுப் பம்ப், கூலி, வரி எல்லாம் சேர்த்து 3,400 என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். போட்டை எடுக்கப் போனால் பில் 4,260. பின்பலகையைப் பலப்படுத்த வேண்டி வந்ததாம். பழைய தகடுகளைக் கேட்டேன், ஸ்கிராப்பில் போட்டாச்சாம். இங்கே ஒரு விஷயம்: கார் திருத்தினால் கழட்டிய பாகத்தைத் திருப்பித் தருவதாகக் கடைக்காரரே சொல்ல வேண்டும் என்று ஒன்ராறியோ சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அது வீதியில் ஓடும் வாகனத்துக்கு மட்டும்தான். போட்டுக்கு நீங்கள்தான் முதலே எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

முதல் ஓட்டம் ஜூலை தொடக்கத்தில். தண்ணீர் அசையவில்லை. தகடுகள் முழுக்க மேலே என்று சுவிட்ச் சொல்கிறது, ஆனால் அணியம் எழும்பவே இல்லை. முழு வேகத்தில் 56 மைல். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. ஏழு மைலைக் காசு கொடுத்துத் தொலைத்திருந்தேன்.

இரண்டாம் முறை என் பெறாமகனை ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்காபரோ பிளவ்ஸுக்கு நேரே, கிட்டத்தட்ட 45 மைலில், வழக்கமாக வளைக்கிற அளவில்தான் வளைத்தேன். அணியம் தண்ணீரைக் கொத்தியது. பின்பக்கம் பாரமே இல்லாத மாதிரி விலகியது. டிரைவ் காற்றை இழுத்து இஞ்சின் ஒருமுறை ஓலமிட்டது. போட் முக்கால் வட்டம் சுற்றிப் பக்கவாட்டில் நின்றது. பெடியன் பின்சீற்றிலிருந்து தரையில் விழுந்து, எழும்பி, சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டுகிறவர் விழுந்தால் இஞ்சினை நிப்பாட்டும் கில் சுவிட்ச் கயிறு என் தொடையில் கிளிப் பண்ணி இருந்தது, அவன் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான். அந்த மாதத்திலும் அந்தத் தண்ணீர் எலும்பைக் குத்தும்.

வேகத்தில் அணியம் கீழே பதிந்து கிடந்தால், போட்டைத் திருப்புவது டிரைவ் அல்ல, முன்பக்க வி. பின்பக்கம் அதைச் சுற்றி வீசப்படும். வேகப் போட்டில் தகட்டை அளவுக்கு மேல் இறக்குவதை விட ஆபத்தான பழக்கம் குறைவு. அதுவும் அடிப்பாகத்தில் படி வைத்துச் செய்த போட் என்றால் தகடு கீழே இருக்க வளைக்கவே கூடாது. ஆனால் நான் இறக்கவில்லையே?

கடைக்கு எடுத்தேன். "புது டேப்புக்கு ஓடிப் பழக வேணும்" என்றார்கள். அடுத்த முறை, பூட்டினவர் லீவில். அதற்கடுத்த முறை, ஒவ்வொரு போட்டும் ஒவ்வொரு மாதிரியாம். அதற்கிடையில் மூன்று கிழமை ஆகவில்லை, இடத் தகடு பழையபடி தானாக மேலே ஏறத் தொடங்கியது. அதே சாய்வு, அதே துள்ளல்.

அப்போதுதான் ஒரு அண்ணையைக் கூட்டிவந்தேன். பருத்தித்துறைப் பக்கத்தவர், ஊரில் வள்ளங்களின் யமஹா இஞ்சின் திருத்தினவர், இங்கே மரீனாக்களில் வேலை செய்து இளைப்பாறிவிட்டார். போட் ட்ரெயிலரில் நின்றது. மனுசன் தகட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. இஞ்சின் மூடியைத் தூக்கி டோர்ச்சை அடித்தார்.

"தம்பி, உது புதுப் பம்ப் எண்டு ஆர் சொன்னது?"

"பில்லில இருக்கண்ணை."

"பில்லைத் துடைச்சுப் பூட்டினவங்களோ, பம்பைத் துடைச்சுப் பூட்டினவங்களோ எண்டு வடிவாப் பாரும்."

பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி வெயில் படாத இடத்திலும் மஞ்சள் பூத்திருந்தது. முன்பக்கம் துடைத்துப் பளபளப்பு. பின்னுக்குக் கையை விட்டால் விரலில் இருபது வருடத் தூசி. தொட்டியில் சிவப்பு எண்ணை அடிக்கோட்டுக்கும் கீழே. கார் கியர்பெட்டிக்கு விடும் அதே ஏடிஎஃப் எண்ணைதான் இதிலும். பம்புக்குக் கீழே பலகையில் நாக்கு மாதிரி ஒரு சிவப்புக் கறை. அடியில் காய்ந்து கறுத்திருந்தது, மேலே ஈரம். இடத் தகட்டுக்குப் போகும் மெல்லிய நைலோன் குழாய் பம்பில் பொருந்தும் நட்டின் அடியில் ஒரு துளி உருண்டு நின்றது. அண்ணை அதை விரலால் தொட்டு என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"உதுதான் உம்மட வருத்தம். ஜூனிலயும் உதுதான், இப்பவும் உதுதான்."

குழாயில் அழுத்தம் நிற்காவிட்டால் ஓடும்போது தண்ணீர் தகட்டை மேலே தள்ளிவிடும். ஒற்றை இஞ்சின் போட், வழக்கமான வலச்சுற்று விசிறி என்றால் அதன் எதிர்முறுக்கே போட்டை இடப்பக்கம் சாய்க்கும். அதை நிமிர்த்தி வைத்திருந்தது இடத் தகடு. குழாயின் நுனியை ஒரு அங்குலம் வெட்டி, புது வளையமும் நட்டும் போட்டு, ஒரு போத்தல் ஏடிஎஃப் ஊற்றினோம். நாற்பது டொலருக்குக் குறைவு. அன்றிலிருந்து தகடு விட்ட இடத்தில் நிற்கிறது.

பிறகுதான் தகட்டுக்குப் போனார். நாலடி ரசமட்டத்தைப் போட்டின் அடிப்பாகத்தோடு ஒட்டி, பின்னால் நீட்டிப் பிடித்தார். தகடு முழுக்க மேலே இருக்கும்போது அதன் பின்விளிம்பு அந்தக் கோட்டுக்கு நேராக, அல்லது கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். எங்களுடையது இடப்பக்கம் கால் அங்குலம், வலப்பக்கம் கிட்டத்தட்ட அரை அங்குலம் கீழே. அதாவது "மேலே" என்று நான் நினைத்த நேரமெல்லாம் தகடுகள் இறங்கித்தான் இருந்தன, அதுவும் கோணலாக. தொலைந்த ஏழு மைலும் பிளவ்ஸில் சுற்றிய சுற்றும் இதனால்தான். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். போட்டைக் கடையிலிருந்து வெளியே இழுக்க முதல் செய்யுங்கள், அவர்கள் முன்னாலேயே செய்யுங்கள்.

இன்னும் இருந்தது. பழைய ஓட்டைகளைத் தவிர்ப்பதற்காகப் புதுத் தகடுகளை உள்பக்கமாக நகர்த்திப் பூட்டியிருக்கிறார்கள். தகட்டுக்கும் டிரைவுக்கும் இடையில் எட்டு அங்குலமாவது இருக்க வேண்டும், எங்களுக்கு ஐந்து. தகடு கலக்கிய தண்ணீர் நேரே விசிறிக்குப் போகிறது, வளைக்கும்போது காற்றை இழுத்தது அதனால். "பலப்படுத்திய" பின்பலகையின் உள்ளே ஒரு தாங்கு தகடு கூட இல்லை, எல்லாம் வெளியிலிருந்து முறுக்கிய சாதா ஸ்குரூ. பழைய ஓட்டைகளில் சிலிக்கோன். அண்ணை நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்ப, மீன் செதில் மாதிரி முழுதாக உரிந்து வந்தது. 90களில் செய்த இப்படியான போட்டுகளின் பின்பலகைக்குள் பெரும்பாலும் இருப்பது பிளைவூட். உள்ளே தண்ணீர் போனால் ஊறும், இங்கத்தைய பனிக்காலத்தில் உறைந்து விரியும், பிறகு அழுகும். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். "டக், டக்" என்று வந்த சத்தம் இரண்டு ஓட்டைகளைச் சுற்றி "தொப்" என்று மாறியது. நல்லகாலம், இரண்டுதான். குடைந்து, காயவைத்து, எப்பொக்சி இட்டு அடைத்தோம். ரம்மின் மேல்பிடிகளைக் கழட்டி உயர்த்திப் பூட்டினோம். இரண்டு சனிக்கிழமை போனது. செப்டம்பரில் திரும்பவும் 62 மைல்.

காசுக் கதை சுருக்கம். எழுதித் தந்த மதிப்பீட்டை விட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டி வாங்கக்கூடாது என்று ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மேலதிக வேலைக்கு நீங்கள் சம்மதித்திருந்தால் கதை வேறு. நான் சம்மதிக்கவில்லை, என்னைக் கேட்கவே இல்லை. 3,400க்கு உச்சம் 3,740. மிச்சம் 520ஐயும் பம்பின் விலையையும் கேட்டு, படங்களோடு பதிவுத் தபால் அனுப்பினேன். 520 வந்தது. பம்புக்கு "பழுதுபார்த்த பம்பைத்தான் புதிது என்று எழுதிவிட்டோம்" என்று ஒரு விளக்கம் வந்தது. சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று தெரிந்த ஆக்கள் சொன்னார்கள். நான் களைத்துப்போய்க் கையெழுத்து வைத்துவிட்டேன்.

அப்படியென்றால் பெரிய தகடு எல்லாமே ஏமாற்றா? இல்லை. அலைக்குள் அடிக்கடி வேகமாக ஓடுகிறவர்களுக்கு, மெல்லிய தகடு வளைந்து அதிர்கிறது என்று கண்ணால் கண்டவர்களுக்கு, கனமான தகடும் ரம்மும் தேவைதான். ஒரு அடி நீளத்துக்கு ஒரு அங்குல அகலத் தகடு என்ற பழைய கணக்கு உல்லாசப் போட்டுக்குச் சரி. 60 மைல் ஓடுகிற போட்டுக்குத் தகடு பெரிதாகப் பெரிதாக, தவறுதலாக ஒரு விநாடி கூடுதலாக அமத்திய சுவிட்சும் பெரிய தவறாகும். என்னைக் கேட்டால் முதல் காசை நிலைகாட்டிக்குப் போடுங்கள். தகடு எங்கே நிற்கிறது என்று டாஷில் காட்டும் அந்தச் சின்ன முள் என்னிடம் இருந்திருந்தால் ஜூனிலேயே பிடித்திருப்பேன். போட் துள்ளினால் தகட்டைத் திட்ட முதல் டிரைவின் ட்ரிம்மை, அதாவது அதன் சாய்வை, ஒருக்கா உள்ளே இழுத்துப் பாருங்கள், பின்னுக்கு ஏற்றிய ஐஸ்பெட்டியை முன்னுக்கு மாற்றுங்கள், அதே ரசமட்டத்தை அடிப்பாகத்தில் வைத்து ட்ரெயிலர் பலகை அமத்திய குழி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்குச் செலவில்லை.

அண்ணை கூலி வாங்கவில்லை. ஏரிக்குக் கூட்டிப்போனேன், 40 மைலுக்கு மேல் ஓட விடவில்லை.

தகடு டிரைவுக்குக் கிட்ட இருக்கிற பிரச்சினை மட்டும் இன்னும் தீரவில்லை. அதற்கு அகலம் குறைந்த தகடுதான் வழி, அதாவது என்னிடம் முதல் இருந்த மாதிரியே. மே மாதம் போட் இறக்க முதல் அப்படி ஒரு சோடி தேடுகிறேன். ரம் வேண்டாம், தகடும் கீலும் போதும். மார்க்கம், ஏஜாக்ஸ், பிக்கரிங் பக்கம் யாராவது கழட்டி கராஜில் போட்டு வைத்திருந்தால் தனிச்செய்தியில் அகலத்தை அளந்து எழுதுங்கள்.