விண்டர் அகோனைட்: காஞ்ச கிழங்கா, இலையோட இருக்குற செடியா?

இங்கிலாந்து தோட்டங்கள்ல ஜனவரி கடைசிலயே மஞ்சளா பூக்குற விண்டர் அகோனைட்ட வைக்க ரெண்டு வழி இருக்கு. இலையுதிர் காலத்துல கடைக்கு வர்ற காஞ்ச கிழங்கு விலை கம்மிதான், ஆனா சுக்கு மாதிரி வத்திப்போய் கிடக்கும், ஒரு ராத்திரி தண்ணில ஊறப்போட்டு 5 செ.மீ ஆழத்துல நட்டாலும் நிறைய முளைக்காமலே போயிடும், எது மேல்பக்கம்னே வேற தெரியாது. பூ முடிஞ்சதும் இலையோட தோண்டி விக்கிற செடி காசு ஜாஸ்தி, ஆனா வேர் காயாததால சட்டுனு பிடிச்சுக்கும், என் ஓட்டு அதுக்குத்தான். ஒரு கொத்து பிடிச்சுட்டா, விதை பழுத்த உடனே இலை உதிர்க்குற மரத்தடில தூவி விடுங்க, பூக்க 3, 4 வருஷம் ஆகும். செடி முழுக்க விஷம், கிளவுஸ் போட்டுக்கங்க.