ரூ.6,800-க்கு வந்த ‘வி90’ மெமரி கார்டு: பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளத்தில் 128 ஜிபி எஸ்டி கார்டு ஒன்றுக்கு ரூ.6,800 கொடுத்தேன். கார்டின் மேல் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பிராண்டின் பெயர், ‘வி90’ என்ற வேக முத்திரை, வினாடிக்கு 300 எம்பி என்று கொட்டை எழுத்து. உள்ளே இருந்தது 32 ஜிபி மலிவுச் சில்லு. கார்டு வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் எப்படி ஏமாற்றினார்கள் என்பதைக் கேளுங்கள்.

கேமரா நிக்கான் டி7500. வினாடிக்கு 8 படம் எடுக்கும். 14 பிட் ரா ஃபைல் (சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) ஒன்று சுமார் 25 எம்பி. பறவை எழும்பும் நேரத்தில் ஷட்டரை விடாமல் அழுத்தினால் வினாடிக்கு 200 எம்பி உற்பத்தியாகிறது. அதை அப்படியே விழுங்கும் கார்டு இந்தக் கேமராவுக்குக் கிடையாது. அதனால் படங்கள் முதலில் கேமராவின் பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில் நிற்கும், அங்கிருந்து கார்டுக்கு இறங்கும். நல்ல கார்டு போட்டால் தொடர்ச்சியாக 50 ரா படம் என்பது நிக்கான் சொல்லும் கணக்கு. அதன் பிறகு கேமரா திக்கித் திக்கித்தான் எடுக்கும்.

இந்தத் திக்கல் குறையுமா என்றுதான் விற்பனையாளரிடம் அந்தத் தளத்தின் சாட் வழியாகவே கேட்டேன். பதில் இரண்டே நிமிடத்தில் வந்தது: “கண்டிப்பா சார். வி90 போட்டா பஃபர் பிரச்சினையே வராது. கேமரா ஸ்பீடு டபுள் ஆகும். நிறைய போட்டோகிராபர்ஸ் நம்மகிட்டதான் வாங்குறாங்க.” தளத்தின் ‘சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்’ முத்திரை பெயருக்குப் பக்கத்திலேயே பச்சையாக மின்னியது. ஆயிரக்கணக்கில் மதிப்புரைகள், நான்குக்கு மேல் நட்சத்திரம். ‘பண்டிகைத் தள்ளுபடி, இன்று மட்டும்’. விழுந்தது அந்த இடத்தில்தான்.

அந்த மதிப்புரைகளை இப்போது மறுபடி படித்தால் சிரிப்பு வருகிறது. எல்லாமே கார்டு கைக்கு வந்த அன்றே எழுதியவை. ‘சூப்பர் பேக்கிங்’, ‘ஃபாஸ்ட் டெலிவரி’. போலிக் கார்டு முதல் நாளில் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். கார்டுக்குள் இருந்து அதை இயக்கும் கன்ட்ரோலர் சில்லின் மென்பொருளை மாற்றி, இருப்பது 32 ஜிபி என்றாலும் 128 ஜிபி என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். கேமராவும் நம்பும், கம்ப்யூட்டரும் நம்பும். கேமராவில் ஃபார்மட் செய்தாலும் 128 என்றே காட்டும். உண்மையான கொள்ளளவு தீரும்வரை படங்கள் சரியாகப் பதியும். அதன் பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது பழைய படங்களின் மேலேயே எழுதப்படும். ஃபைல் பட்டியல் கார்டின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் படத்தின் பெயர், அளவு, தேதி எல்லாம் அச்சாகத் தெரியும். திறந்தால் ஒன்றும் இருக்காது.

முதல் தடவை எடுத்தது 400 படம், அதாவது 10 ஜிபி. பிரச்சினை தெரியவில்லை. இரண்டாம் தடவை, கார்டு வந்த ஒன்பதாம் நாள், அதே கார்டில் 1,500-ஐத் தாண்டியது. 1,250 வரை நன்றாக இருந்தது. மிச்சம் 250 படம் போனது போனதுதான். ரெக்கவரி மென்பொருளால் பயனில்லை, பதியவே பதியாததை எதிலிருந்து மீட்பது?

அன்றிரவு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற, கார்டைச் சோதிக்கும் மென்பொருளை ஓட்டினேன். இலவசம், விண்டோஸில் நிறுவாமலே ஓடும். கார்டை முழுக்க 1 ஜிபி ஃபைல்களால் நிரப்பி, பிறகு ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். எழுத 3 மணி நேரம், படிக்க இன்னொரு ஒன்றே முக்கால் மணி நேரம். முடிவு: 29.3 ஜிபி சரி, 89.7 ஜிபி தொலைந்தது (128 ஜிபி என்பது கம்ப்யூட்டர் கணக்கில் 119 என்றுதான் வரும்). எழுதும் வேகம் வினாடிக்கு 11.4 எம்பி. வி90 என்றால் தொடர்ந்து எழுதும்போது வினாடிக்குக் குறைந்தது 90 எம்பி என்று அர்த்தம். இது வி10-க்கு மேல் தேறாது. அதற்குத்தான் ரூ.6,800.

இந்த வேகத்தில் ஒரு ரா படம் இறங்க 2 வினாடிக்கு மேல் ஆகிறது. சாதாரணமான நல்ல யுஎச்எஸ்-1 கார்டு (கார்டும் கேமராவும் பேசிக்கொள்ளும் முறையில் பழைய வகை, அதைவிட வேகமானது யுஎச்எஸ்-2) 75 எம்பியில் எழுதினால் அதே படம் மூன்றில் ஒரு பங்கு வினாடியில் இறங்கிவிடும். அதாவது பஃபர் நிரம்பிய பிறகும் வினாடிக்கு 3 படம் கிடைக்கும். ‘வேகம் டபுள்’ என்று விற்றது, இருந்த வேகத்தையும் பிடுங்கிக்கொண்டது. 4கே வீடியோவும் அப்படியே. டி7500-இல் 4கே வினாடிக்கு 144 மெகாபிட், எட்டால் வகுத்தால் 18 மெகாபைட். 11.4-இல் அது ஓடாது, பதிவு பாதியில் நின்றுவிடும்.

இதைவிட எரிச்சல் என்ன தெரியுமா? கார்டு அசலாகவே இருந்திருந்தாலும் விற்பனையாளர் சொன்னது பொய். டி7500-இன் ஸ்லாட் யுஎச்எஸ்-1. அதன் உச்சவரம்பே வினாடிக்கு 104 எம்பி, நடைமுறையில் அதற்கும் கீழே. யுஎச்எஸ்-2 கார்டு போட்டாலும் அது யுஎச்எஸ்-1 ஆக இறங்கித்தான் பேசும். 300 என்பது படிக்கும் வேகம், அதுவும் யுஎச்எஸ்-2 ரீடரில் (கார்டைக் கம்ப்யூட்டரில் படிக்கும் கருவி). கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம், அது எப்போதும் பொடி எழுத்தில் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. யுஎச்எஸ்-1 கார்டிலேயே 170, 200 என்று போடுகிறார்களே, அந்த வேகம் அதற்கென்றே செய்த ரீடரில் மட்டும் வரும்.

எந்தக் கார்டு போட்டாலும் வினாடிக்கு 8 படம் 9 ஆகாது, ஃபோகஸ் வேகமாகாது. பஃபர் சீக்கிரம் காலியாகும், வீடியோ அறுபடாது, கம்ப்யூட்டருக்குச் சீக்கிரம் ஏறும், அவ்வளவே. கேனான் 90டி, ஃபுஜி எக்ஸ்-டி3 போல யுஎச்எஸ்-2 ஸ்லாட் உள்ளவற்றில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். சோனி ஏ7-3-இல் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் யுஎச்எஸ்-2. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிய வைத்தால் மெதுவான ஸ்லாட்டின் வேகமே மொத்த வேகம். டி7500-காரர்கள் காசு செலவில்லாமல் ரா-வை 12 பிட்டுக்கு மாற்றலாம், தூரத்துப் பறவைக்கு 1.3 கிராப் (நடுப்பகுதியை மட்டும் பதிவது) வைக்கலாம். ஃபைல் சிறுத்தால் பஃபர் தாங்கும். ஷட்டரைப் பாதி அழுத்தி வ்யூஃபைண்டரில் ‘ஆர்’ எழுத்துக்குப் பக்கத்து எண்ணைப் பாருங்கள், பஃபரில் இன்னும் எத்தனை படத்துக்கு இடம் என்று காட்டும்.

சரி, புகாருக்கு வருவோம். முதலில் சாட்டில் ஒரு இயந்திரம்: “உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது.” அதற்கு என்ன புரியும்? பிறகு ஒரு மனிதர், கார்டை ஃபார்மட் செய்து பார்க்கச் சொன்னார். செய்தேன். டெஸ்ட் முடிவின் படத்தை அனுப்பினேன். “இது மூன்றாம் நபர் மென்பொருள், ஏற்க முடியாது” என்றார். அடுத்தவர், “7 நாள் மாற்றிக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது, பிராண்டின் சர்வீஸ் சென்டரை அணுகுங்கள்.” அங்கே போனால் அவர்கள் வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு, இது எங்கள் தயாரிப்பே இல்லை, விற்றவரிடம் கேளுங்கள் என்றார்கள். அதை எழுத்தில் கேட்டு வாங்கினேன், தளத்துக்கு அனுப்பினேன். “விற்பனையாளரிடமிருந்து பதில் வரவில்லை, எனவே கோரிக்கை மூடப்படுகிறது.” மூடிவிட்டார்கள்! சரிபார்க்கப்பட்டவர் என்று முத்திரை குத்தியது யார்? ரூ.6,800 எடுத்தது யாருடைய கணக்குக்கு?

இப்போது தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்தாயிற்று. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கார்டைத் திருப்புங்கள். வி60, வி90 என்றால் யுஎச்எஸ்-2-ஆக இருந்தே ஆக வேண்டும், பின்னால் தங்கப் பட்டைகள் இரண்டு வரிசை, மொத்தம் 17 இருக்கும். எனக்கு வந்ததில் ஒரே வரிசை, 9 பட்டை. ஐந்து வினாடி வேலை, செய்யவில்லை. பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். வந்த அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டுங்கள், மேக், லினக்ஸ் என்றால் அதே வேலையைச் செய்யும் எஃப்3 மென்பொருள். உங்கள் கேமராவின் ஸ்லாட் என்னவென்று கையேட்டில் பார்க்காமல் யார் பேச்சையும் கேட்டு வாங்காதீர்கள். யுஎச்எஸ்-1 ஸ்லாட்டுக்கு வி30 கார்டு போதும், என் ரூ.6,800-இல் பாதிகூட ஆகாது.

இதை எழுதும்போது மறுபடி தேடிப் பார்த்தேன். அதே படம், அதே 300, அதே பச்சை முத்திரை. விற்பனையாளர் பெயர் மட்டும் வேறு. விலை ரூ.6,499 ஆகக் குறைந்திருக்கிறது.