"ஐ7, புது கார்டு" என்றதும் பர்ஸைத் திறக்காதீர்கள்

டர்பன் சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு கடையில் பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்கு விற்ற கேமிங் பிசி இது. கோர் ஐ7 பிராசசர், 8 ஜிபி ரேம், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராஃபிக்ஸ் கார்டு, கலர் லைட் வைத்த புது கேபினட். ரசீதில் எழுதிய எதுவும் பொய்யில்லை. எழுதாமல் விட்டதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த ஐ7, 2011இல் வந்த 2600. அந்தக் காலத்து எச்61 மதர்போர்டு, பழைய தலைமுறை டிடிஆர்3 ரேம் ஒற்றைக் குச்சி. 12100எஃப் என்ற புதிய தலைமுறை ஐ3யே இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஏவிஎக்ஸ்2 என்ற பிராசசர் கட்டளைத் தொகுப்பு கிடையாது, அதைக் கேட்கும் புது கேம்கள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலிலும் இது இல்லை.

பெரிய வில்லங்கம் கார்டில். 6500 எக்ஸ்டி முழு நீள ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் பயன்படுத்துவது 4 லேன் (டேட்டா போகும் பாதை) மட்டுமே. பிசிஐஇ என்பது கார்டை போர்டோடு இணைக்கும் வழி; அதன் 4.0 தலைமுறை போர்டில் அந்த நாலு லேனில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். 2600 கொடுப்பது பிசிஐஇ 2.0, அதாவது 2 ஜிபி. கார்டின் மெமரியோ 4 ஜிபிதான். டெக்ஸ்சர் (கேம் காட்சிகளின் மேற்பரப்புப் படங்கள்) அதில் அடங்காதபோது ரேமிலிருந்து இழுக்க வேண்டும். இழுக்கும் வழி கால்வாசி. அதனால்தான் கேமில் நின்றால் 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 படம்), திரும்பினால் விக்கல். ஸ்ட்ரீம் பண்ணத்தான் வாங்குகிறேன் என்று பையன் முன்பே சொல்லியிருந்தான். ஸ்ட்ரீமுக்கு வீடியோவைச் சுருக்கித் தரும் என்கோடரும் இந்தக் கார்டில் இல்லை, அந்தச் சுமையும் கிழட்டு ஐ7 தலையில்.

கடைக்காரர் பதில்: "டிரைவர் போடு தம்பி, சரியாயிடும்." டிரைவர் போட்டால் லேன் முளைக்காது.

பணம் கொடுக்குமுன் கடையிலேயே பெட்டியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சிபியு-இசட் என்ற மென்பொருளில் பிராசசரின் முழு எண்ணையும், மெமரி பக்கத்தில் சேனல் சிங்கிளா (ரேம் ஒற்றைக் குச்சி) டூயலா (ஜோடி) என்பதையும் பாருங்கள். கார்டைக் காட்டும் ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரி முக்கியம்: முன்னால் இருப்பது கார்டின் திறன், @ குறிக்குப் பின்னால் இருப்பது இப்போது கிடைப்பது. சும்மா இருக்கும்போது கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்ட பிறகே அதை நம்புங்கள். (1050 டிஐ என்று விற்கும் கார்டில் நீல விஜிஏ போர்ட் இருந்தால் தொடவே வேண்டாம், பழைய சிப்புக்குப் பெயர் மாற்றியிருப்பார்கள்.)

பிறகு விசிங்க் (எஃப்பிஎஸ்ஸைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் அமைப்பு), எஃப்பிஎஸ் வரம்பு இரண்டையும் அணைத்து ஒரு கேம் ஓட்டுங்கள். கார்டு பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் பிராசசர்-கார்டு ஜோடி சரி. 50, 60இல் தடுமாறி, திரைத் துல்லியத்தை 1080இலிருந்து 720க்கு இறக்கியும் எஃப்பிஎஸ் ஏறாவிட்டால் கார்டு காத்துக்கிடக்கிறது, பெரும்பாலும் பிராசசருக்காக. டாஸ்க் மேனேஜர் சிபியு 60 சதவீதம்தான் என்று காட்டினாலும் ஏமாறாதீர்கள். அது எல்லாக் கோரின் சராசரி, ஒரே கோர் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கலாம்.

1080க்கு பிராசசர் ரைசன் 5 5600, கார்டு ஆர்எக்ஸ் 6600, ரேம் 8 ஜிபி குச்சி இரண்டு. அலட்டல் இல்லாத ஜோடி.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 41. வாங்குபவர் தவறாகப் புரிந்துகொண்டது தெரிந்தும் திருத்தாமல் விட்டு ஏமாற விடுவதும் அதில் தடைசெய்யப்பட்டதுதான். சொந்த உபயோகப் பெட்டியை விற்கும் தனிநபருக்கு இது பொருந்தாது, கடைக்குப் பொருந்தும். என்ன சொல்லி வாங்கினீர்கள் என்ற வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், ரசீதோடு முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையாவிட்டால் நுகர்வோர் பொருள், சேவை ஆம்பட்ஸ்மன் (கடை மீதான புகாரைத் தீர்த்துவைக்கும் அமைப்பு); புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.