பிலிம் சுருளும் டிஜிட்டலும்: பத்துமலைப் படிகளில்

தைப்பூசத்தன்று மலேசியாவின் பத்துமலைக் குகைக் கோயிலின் 272 படிகளில் ஏறிப் படம் எடுத்த அந்தக் காலத்தில், என் பையில் இரண்டு பிலிம் சுருள்கள் மட்டுமே இருக்கும். ஒரு சுருளுக்கு 36 படங்கள் என்பதால், காவடி சுமந்து வருபவர் எந்தப் படியில் மூச்சு வாங்க நிற்பார், அவர் முகத்தில் எப்போது வெளிச்சம் விழும் என்று காத்திருந்துதான் பொத்தானை அழுத்துவேன். அந்தக் காத்திருப்பே பாதி இன்பம். படம் கழுவி வரும்வரை மனம் அடித்துக்கொள்ளும். ஒருமுறை சுருள் பற்சக்கரத்தில் சரியாக மாட்டாததால், நாள் முழுவதும் எடுத்தவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

டிஜிட்டலில் அந்த அச்சம் இல்லை. ஐஎஸ்ஓ என்பது ஒளியை உணரும் திறனின் அளவு; வெயிலுக்கேற்ற ஐஎஸ்ஓ 100 சுருளோடு இருண்ட குகைக்குள் நுழைந்தால் முன்பு கைகட்டி நிற்க வேண்டியதுதான். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் அந்த அளவை மாற்றிக்கொள்ளலாம், கற்றுக்கொள்பவருக்குத் தவறும் உடனே திரையில் தெரிந்துவிடுகிறது. ஆனால் அதே திரை என் கண்ணைக் காவடியிலிருந்து பிடுங்கிவிடுகிறது. 800 படங்களிலிருந்து பத்தைத் தேர்ந்தெடுக்கும் இரவு வேலையும் எனக்குச் சுமையாகவே இருக்கிறது. குகைக்குள் டிஜிட்டலையே பயன்படுத்துகிறேன்; படிகளில் மட்டும் இன்றும் என் கையில் பழைய பிலிம் கேமராதான்.