ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: போலந்தா, தமிழ்நாடா?

கிழக்கிலங்கையில் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற தம்பி தங்கைகள் என்னைக் கண்டால் கேட்பது இதைத்தான்: பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் போகலாம் என்றால் ஐரோப்பாவுக்குப் போவதா, இந்தியாவுக்குப் போவதா? விவசாயம் படித்த நான் எராஸ்மஸ் பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் உதவித்தொகையில் போலந்துக்குப் போனேன். அதே காலத்தில், இதே துறையை வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்த அக்கரைப்பற்று மச்சாள் தமிழ்நாட்டுக்குப் போனாள். போலந்தைப் பற்றி நான் சொல்வது கண்ணால் கண்டது. தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்வது அவள் வாய்வழி கேட்டது. வாசிக்கும்போது அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி தெரிவு செய்யச் சொன்னாலும் நான் போலந்துக்கே போவேன். ஆனால் அதற்கான காரணம் பலரும் நினைப்பது அல்ல.

குளிர், சாப்பாடு, தூரம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. சென்னைக்கு ஒன்றரை மணி நேரம்கூடப் பறக்க வேண்டியதில்லை. போலந்துக்கு வழியில் விமானம் மாற வேண்டும். நான் விடுதியின் பொதுச் சமையலறையில் உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் ஊர்க் கறித்தூள் போட்டுச் சமாளித்தேன். மச்சாளுக்குப் பால்சொதி கிடைக்கவில்லை என்ற குறை. அவளுக்கு இன்னொரு குறையும் உண்டு: வாயைத் திறந்தாலே “யாழ்ப்பாணமா?” என்று கேட்பார்களாம். மட்டக்களப்புப் பக்கம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, “அது யாழ்ப்பாணத்தில் எங்கே?”

காசு விடயத்தில் போலந்துதான் மேல். எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் போகிறவருக்கு நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை கிடைக்கும். பயணச் செலவுக்குத் தனித் தொகை உண்டு. அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. ஜேர்மனியோடு பார்த்தால் போலந்தில் வாழ்க்கைச் செலவு குறைவு. 26 வயதுக்கு உட்பட்ட மாணவருக்கு ரயில் டிக்கெட்டில் 51 வீதம் கழிவு. சிக்கல் முதல் மாதத்தில்தான் இருக்கிறது. அங்கே வங்கிக் கணக்குத் திறந்த பிறகே என் கைக்குக் காசு வந்தது. அதுவரை ஊரிலிருந்து கொண்டுபோனதில்தான் காலம் ஓடியது. அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போய், நான் திரும்புவதற்கு முன் மீண்டும் வந்தது. விசாவும் இழுபடும். இலங்கைக்கான போலந்துத் தூதரகம் புதுடில்லியில் இருப்பதால் தாள்கள் அங்கே போய்த் திரும்பவேண்டும். மச்சாளுக்கு விசா சுலபமாகக் கிடைத்தது. ஆனால் கட்டண விலக்குத் தவிர வேறு உதவி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாமா நெல் விற்ற காசுதான் போனது.

படிப்பின் பயனைப் பார்த்தால் தமிழ்நாடுதான் சிறந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆப்பிள் அதிகம் விளையும் நாட்டில் நான் பழமரக் கவாத்து, அதாவது கிளை வெட்டிச் சீராக்குவது, படித்தேன். களுவாஞ்சிக்குடியில் அதை வைத்து என்ன செய்வது? மச்சாள் படித்ததோ உவர்மண்ணில் நெல், ஒற்றை நாற்று நடவு, நிலக்கடலை. காவிரிக் கழிமுகத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். அவள் குறிப்புப் புத்தகத்தை இரவல் வாங்கி நான் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். என் குறிப்புப் புத்தகத்தை அவள் இதுவரை கேட்டதில்லை.

அப்படியிருந்தும் நான் போலந்துப் பக்கம் நிற்பதற்குக் காரணம், திரும்பி வந்த பிறகு நடந்தது. அங்கே படித்த செமஸ்டர் இங்கே கணக்கில் வருகிறதா என்பதே முதற்கேள்வி. வராவிட்டால் மற்றதெல்லாம் சுற்றுலாதான்.

எராஸ்மஸ் திட்டத்தில் புறப்படுவதற்கு முன்பே கற்றல் ஒப்பந்தம் என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஒரு அட்டவணையில் அங்கே படிக்கப்போகும் பாடங்கள். இன்னொன்றில் அவற்றுக்கு ஈடாக இங்கே கழிக்கப்படும் பாடங்கள். மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். சித்தியடைந்தால் அந்தப் பாடங்களின் கிரெடிட்டை, அதாவது படிப்பின் அளவைக் காட்டும் அலகை, ஏற்றுக்கொள்வோம் என்று அனுப்பும் பல்கலைக்கழகம் எழுத்தில் தரும் உறுதி அது.

அதை நிரப்புவது இலேசான வேலை அல்ல. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட்டுக்கு விரிவுரையும் சொந்தப் படிப்பும் சேர்த்து 50 மணி நேரம். ஆக, அவர்களுடைய இரண்டு நம்முடைய ஒன்றுக்குச் சமம். கேட்க எளிது. நான் எடுத்த மண்வளப் பாடத்துக்கு அங்கே 5 கிரெடிட். இங்கே அதன் ஈடு இரண்டரை. ஆனால் இங்குள்ள பாடத்துக்கு மூன்று. அவணத்தில் அளப்பவரும் மூட்டையில் அளப்பவரும் ஒரே நெல்லுக்குப் பேரம் பேசியது போல, அந்த அரைக் கிரெடிட்டுக்காக மின்னஞ்சல்கள் பறந்தன. கடைசியில், திரும்பியதும் ஒரு சிற்றறிக்கை தரவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அங்கே போனதும் ஒரு பாடம் ஆங்கிலத்தில் நடக்காது என்றார்கள், ஆள் போதவில்லையாம். படிவத்தைத் திருத்தி மூன்று கையெழுத்தையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. ஒக்டோபரில் நேர வித்தியாசம் மூன்றரை மணி. காலை எட்டரைக்கு நான் எழுதினால் ஊரில் மதியச் சாப்பாட்டு நேரம்.

புள்ளி விடயத்தையும் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். போலந்தில் 2 சித்தியில்லை. 3 முதல் 5 வரை அரை அரையாக ஏறும். அந்த 4 நம்முடைய ஜிபிஏயில், அதாவது சராசரிப் புள்ளியில், எதற்குச் சமம்? என் துறையில் அவற்றை வெறும் சித்தியாகப் பதிந்தார்கள், ஜிபிஏயில் சேர்க்கவில்லை. எனக்கு அதனால் நட்டமில்லை. ஆனால் முதலாம் வகுப்புக்கு வேண்டிய 3.70 ஐத் தொட்டும் தொடாமலும் நிற்பவருக்கு அது பெரிய விடயம். வேறு பீடங்களில் வேறு விதமாகச் செய்யக்கூடும்.

மச்சாளுக்கு இப்படிப் படிவம் எதுவும் இருக்கவில்லை. இரு பல்கலைக்கழகங்களின் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் மாணவர் பரிமாற்றம் என்று ஒரு வரி இருந்தது. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று யாரும் எழுதவில்லை. இத்தனைக்கும் இந்தியாவின் கிரெடிட் கணக்கு நம்முடையதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். இரண்டிலும் விரிவுரை மட்டும் 15 மணி நேரமென்றால் ஒரு கிரெடிட். எல்லாப் பாடத்திலும் நல்ல புள்ளியோடு வந்தாள். அவளுடைய புள்ளிப் பட்டியல் துறையிலிருந்து பீடச் சபைக்கும், அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் உச்ச கல்விச் சபையான மூதவைக்கும் போய், விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. அதற்குள் அவளோடு படித்தவர்கள் அடுத்த செமஸ்டருக்குப் போய்விட்டார்கள். விட்ட பரீட்சைகளை அவள் இளையவர்களோடு உட்கார்ந்து எழுதினாள். “படித்ததையே இரண்டாம் தரம் எழுதுகிறேன் மச்சாள், கை வலிக்கிறது” என்றாள்.

இதனால் தமிழ்நாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கற்றல் ஒப்பந்தம் போன்ற ஒரு தாளை அனுப்புகிறவர்களும் ஏற்கிறவர்களும் முன்கூட்டியே எழுதித் தந்தால், விவசாயம் படிப்பவருக்கு அந்த இடத்தை விடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை. துறைத் தலைவர் வாய்ச்சொல்லாக “பார்த்துக்கொள்ளலாம்” என்றால் போகாதீர்கள். அவர் நல்லவராகவே இருப்பார், ஆனால் நீங்கள் திரும்புகையில் அவர் விடுமுறையில் இருக்கலாம்.

போலந்திலும் ஒரு ஓட்டை உண்டு. அங்கே குளிர்காலச் செமஸ்டர் ஒக்டோபரில் தொடங்கிப் பெப்ரவரி வரை போகும். நமக்கு அது அப்படியே பெரும்போகம், நெல்லின் பெரிய பருவம். விதைப்பிலிருந்து அறுவடை வரையான வயல் செய்முறைக்கு ஈடாக எந்த ஐரோப்பியப் பாடத்தையும் படிவத்தில் எழுத முடியாது. எனக்கு அது அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. பெப்ரவரிக்குப் பிறகு தொடங்கும் கோடைச் செமஸ்டருக்குப் போனால் சிறுபோகம்தான் தவறும். உன்னிச்சை, நவகிரிப் பக்கம் குளத்து நீர் பாயும் வயல்களில் மட்டும் நடக்கிற போகம் அது; எங்கள் செய்முறைகள் அதில் குறைவு. கோடைச் செமஸ்டரில் நான் இருந்து பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் என்னென்ன பாடங்கள் நடக்கும் என்று அந்தப் பல்கலைக்கழகத்திடமே எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு கடவுச்சீட்டுக்கு அலையுங்கள்.